ஐ-7 என்னும் மயக்கம்

பிளஸ்-டூ பரீட்சை முடிவுகள் வெளியாகிக் கல்லூரிகள் திறக்கும் காலம் நெருங்கும்போது, நம் தமிழ்நாட்டில் அநேக குடும்பங்களில் ஒரு புதிய கவலை பிறக்கிறது. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். லேப்டாப்பின் விலை பலருக்குக் கைக்கு எட்டுவதில்லை; எட்டினாலும், பழுது வந்தால் பாகம் மாற்றுவது எளிதன்று. ஆகவே, பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் மேஜைக் கம்ப்யூட்டரே போதும் என்று அவர்கள் தீர்மானிக்கிறார்கள். இத்தீர்மானத்தை நாம் மனமார வரவேற்கிறோம். தன் யந்திரத்தின் உள்ளே இருப்பது இன்னது என்று அறிந்தவன் அதைச் செப்பனிடவும் பெருக்கவும் அறிவான். ஆனால் கடையின் படி ஏறியதும் இந்த நல்ல தீர்மானம் ஒரே ஒரு சொல்லில் இடறி விழுவதைப் பல தடவை கண்டிருக்கிறோம். 'ஐ-7' என்பதே அச்சொல்.

நமக்கு வெகு நாளாகப் பழக்கமுள்ள பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பெண்ணுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். என்ன வாங்க வேண்டும் என்று அவர் நாலு பேரைக் கேட்டார். நால்வரும் "ஐ-7 வாங்குங்கள், ஸார்" என்றார்கள். கடைக்காரரும் அதையே சொன்னார். புதிய பெட்டி, புதிய திரை, பளபளக்கும் விளக்கு, ஐ-7 பிராசஸர்; எல்லாம் சேர்த்து ரூ. 18,000. பேரம் பேசி முடித்துவிட்டதாக ஆசிரியருக்கு மகா சந்தோஷம். ஒரு பருவம் கழிந்தபின், பாடத்துக்கு வேண்டிய புரோகிராம் விண்டோஸ் 11 இருந்தால்தான் ஏறும் என்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்றப் போனால், இந்த யந்திரம் அதற்குத் தகுதியுடையதன்று என்று திரையில் எழுத்து வந்தது. பெண் உள்ளே பார்த்துப் பிராசஸரின் முழுப் பெயரைக் கண்டுபிடித்தாள்: கோர் ஐ-7 2600. அது 2011 ஜனவரியில் வெளிவந்த சரக்கு. அவளுக்கு எழுத்தறிவிக்கும் காலத்திலேயே சந்தைக்கு வந்த பிராசஸரைப் புதிய பெட்டிக்குள் வைத்து, புதிய கம்ப்யூட்டர் என்று விற்றிருக்கிறார்கள்.

இதில் கடைக்காரர் பொய் சொன்னாரா என்று கேட்டால், ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அது ஐ-7 தான். மெய்யையே சொல்லி ஏமாற்ற இடங்கொடுக்கும் பெயர் அது என்பதே நம் புகார்.

ஐ-3, ஐ-5, ஐ-7 என்பவை ரயில் வண்டியின் வகுப்புக்களைப் போன்றவை. எந்த வண்டியில் என்ற விஷயத்தை அவை சொல்வதில்லை. ஊர்தோறும் நின்று போகும் பாசஞ்சரில் முதல் வகுப்பில் அமர்ந்தவர், எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பில் நெருக்கிக்கொண்டு நின்றவருக்கு முன்னால் மதுரை போய்ச் சேர முடியுமா? இன்டெல் கம்பெனி 2022 ஜனவரியில் வெளியிட்ட ஐ-3 12100 என்ற பிராசஸர் வரிசையில் கீழ்ப்படியில் இருப்பது. அதற்கும் நான்கு கோர்கள், எட்டு திரெடுகள். ஆசிரியரின் ஐ-7 2600-க்கும் அவ்வளவே. ஓட்ட வேகத்தைப் பார்த்தாலும் பழையது 3.8 கிகாஹெர்ட்ஸ் வரையிலும், புதியது 4.3 வரையிலும் போகும். பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. ஆனால் ஒரு கோரைத் தனியே வேலை வாங்கிப் பார்த்தால் புதிய ஐ-3 பழைய ஐ-7-ஐப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் முடிக்கும் வேலையின் அளவு இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் அவ்வளவு பெருகிவிட்டது. கிகாஹெர்ட்ஸ் என்பது கிணற்றில் ஏற்றம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை இறங்கி ஏறுகிறது என்ற கணக்கு. சாலின் கொள்ளளவு அதில் தெரியாது.

ஆகவே வகுப்பைக் கேட்பதற்கு முன் தலைமுறையைக் கேட்க வேண்டும். இது பெரிய வித்தையன்று. இன்டெல்லின் ஐ-வரிசையில், பெயருக்குப் பின்வரும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மூடிவிட்டால் மிஞ்சுவது தலைமுறை. 2600 என்றால் இரண்டாந் தலைமுறை. 8400 என்றால் எட்டு. 12100 என்றால் பன்னிரண்டு. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் பெரும்பாலும் 2017-ல் தொடங்கிய எட்டாந் தலைமுறை முதல், ஏ.எம்.டி.யில் ரைஸன் 2000 வரிசை முதல். விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே இந்த எல்லைக்கோடு வெறும் கௌரவப் பிரச்னையாக இல்லை. மாணவியின் படிப்பையே தொடுகிறது.

எண்ணுக்குப் பின்னே ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தையும் அலட்சியம் செய்யலாகாது. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் அதனுள் படம் காட்டும் பகுதி கிடையாது. தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தினாலன்றித் திரை இருண்டே கிடக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று 12400 எஃப் வாங்கி வந்து, எல்லாம் பூட்டி, பொத்தானை அழுத்தி, திரையில் ஒன்றும் தோன்றாமல் இரவெல்லாம் விழித்திருந்த இளைஞர்கள் பலர். 'கே' என்பது வேகத்தை இஷ்டம்போல் உயர்த்த இடங்கொடுப்பது. அவ்விஷயத்தில் ஆசையில்லாதவன் அதற்குக் காசு கொடுப்பது வீண். 'டி' என்பது மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது.

ஏ.எம்.டி. கம்பெனியும் இந்தப் பெயர்க் குழப்பத்தில் யோக்கியர் பட்டம் பெறத் தக்கதன்று. ரைஸன் 5 5500, ரைஸன் 5 5600, ரைஸன் 5 5600ஜி என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெடுகள். சகோதரர்கள் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் 5600-க்குள் 32 மெகாபைட் எல்-3 கேஷ் இருக்கிறது. மற்ற இரண்டிலும் 16 தான். 5600 நான்காம் தலைமுறைப் பி.ஸி.ஐ. இணைப்பை உடையது, மற்றவை மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்டன. படம் காட்டும் பகுதியோ ஜி ஒன்றிலேதான் உண்டு. கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவனுக்கு 5600 நல்லது. வாங்க வசதியில்லாதவனுக்கு 5600ஜி ஒன்றே பயன்படும். ஓர் எழுத்தில் இவ்வளவு இருக்கிறது. இன்டெல் 2023 டிசம்பர் முதல் 'கோர் அல்ட்ரா' என்ற புதுப் பெயரைக் கொண்டுவந்து, 'ஐ' என்ற எழுத்தைக் கைவிட்டு, எண்களையும் மாற்றி அடுக்கத் தொடங்கியதால், மேலே நாம் சொன்ன தலைமுறைச் சூத்திரம் அங்கே செல்லாது. ஜனங்கள் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டவுடன் கணக்கையே மாற்றுவது இந்தக் கம்பெனிகளின் சுபாவம் போலும்.

மேற்சொன்ன கேஷ் என்பதைப் பற்றிச் சிறிது விவரித்தல் அவசியம். நம் வீட்டு அடுப்பங்கரையில் அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அரிசி மூட்டையும் புளிப்பானையும் உள்ளறையில் இருக்கின்றன. கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளறைக்கு ஓடினால் எவ்வளவு சுறுசுறுப்பான சமையற்காரியும் தாளிப்பைக் கருக்கிவிடுவாள். பிராசஸருக்குக் கேஷ் அஞ்சறைப்பெட்டி, ரேம் உள்ளறை. 2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. வெளியிட்ட 5800எக்ஸ்3டி என்ற பிராசஸர் இதை உலகத்துக்கு விளங்க வைத்தது. அதற்கு முந்திய 5800எக்ஸில் எல்-3 கேஷ் 32 மெகாபைட், ஓட்டம் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை. எக்ஸ்3டியிலோ கேஷை மேலே மாடி கட்டியதுபோல் அடுக்கி 96 மெகாபைட்டாக்கினார்கள், ஓட்டத்தை 4.5-க்குக் குறைத்தார்கள். ஓட்டம் குறைந்தும், பெரும்பாலான விளையாட்டுக்களில் அது முந்தியதைத் தோற்கடித்தது. பின்னர் வந்த 7800எக்ஸ்3டியும், 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியும் இதே மார்க்கத்தில் சென்று விளையாட்டுப் பிரியர்களின் மனத்தைக் கவர்ந்தன.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எக்ஸ்3டி ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பும் வாலிபர்களைச் சற்று நிற்கச் சொல்கிறோம். உங்கள் திரை விநாடிக்கு அறுபது தடவை மட்டுமே படம் மாற்றுவதாக இருந்தால், பிராசஸர் இருநூறு படம் தயாரித்துக் கொடுத்து யாருக்கு லாபம்? விளையாட்டுக்கு முதற்பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். பிராசஸர் அதற்குத் துணை. காரியம் எதுவோ அதற்குத் தக்க கருவி. கடிதம், கணக்கு, வலைப்பக்கம், வகுப்புக்கான காணொளி இவற்றுக்கு ஐ-3 12100 போன்றதோ, 5600ஜி போன்றதோ தாராளமாகப் போதும். புரோகிராம் எழுதக் கற்கும் மாணவனுக்கு ஆறு கோர் உள்ள 12400 போன்ற நடுத்தரச் சரக்கு பல ஆண்டு உழைக்கும். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவருக்கு மாத்திரம் கோர்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. அவருக்கு நேரம் பணம். நம் வாசகர்களில் இந்த மூன்றாம் வகுப்பார் சிலரே என்று நினைக்கிறோம். மற்றவர்கள் பிராசஸரில் ஒரு படி கீழே இறங்கி, அந்தப் பணத்தை ரேமிலும், எஸ்.எஸ்.டி.யிலும், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் போடுவார்களானால் வீட்டில் சண்டை குறையும். ஐ-9 வாங்கிய களைப்பில், பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிப் பூட்டுகிறவர், வாழை இலை போட்டு நெய்யும் பருப்பும் பரிமாறிவிட்டுச் சோற்றை மறந்தவரை ஒப்பார். அதிலும் ரேமின் விலை 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை அறிவு யந்திரசாலைகளின் கோரப் பசியினால், விபரீதமாக ஏறிவிட்ட பின் இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது.

உஷ்ணத்தைப் பற்றி நம் நாட்டார் தனியே யோசிக்க வேண்டியிருக்கிறது. குளிர்தேசங்களில் எழுதப்படும் பரீட்சைக் குறிப்புக்கள் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. சித்திரை வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் மாடி அறை என்ன சூட்டில் இருக்கும் என்பது அவற்றை எழுதுவோருக்குத் தெரியாது. இன்டெல்லின் ஐ-9 13900கே பிராசஸருக்கு 125 வாட் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அதே காகிதத்தில், உச்ச வேகத்தில் 253 வாட் என்று இன்னோர் எண்ணும் இருக்கும். கடைக்காரர் முதல் எண்ணையே சொல்வார். முழுப் பளுவில் நான்கு மணி நேரம் ஓடினால் பிராசஸர் மட்டும் ஒரு யூனிட் மின்சாரம் குடித்துவிடும். அந்த மின்சாரம் அத்தனையும் அறைக்குள் உஷ்ணமாக வெளிப்படும். அந்த உஷ்ணத்தை ஓட்ட இன்னொரு யந்திரம் மின்சாரம் குடிக்கும். மின்வெட்டு வேளையில் கைகொடுக்கும் சாதாரண 600 வி.ஏ. யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தாங்குவதில்லை. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் திரையும் சேர்ந்து இழுத்தால், மின்சாரம் போன கணமே அதுவும் போய்விடும். இதற்கு மாறாக, 65 வாட் என்று குறித்த ரைஸன் 5 7600 அதிகப்படியாக 88 வாட்டில் நின்றுவிடுகிறது; பெட்டியோடு வரும் கூலரே அதற்குப் போதும்.

நிற்க. இன்டெல்லா, ஏ.எம்.டி.யா என்ற கேள்விக்கு வருவோம். இது நம் இளைஞர்களிடையே வடகலை தென்கலைச் சச்சரவுபோல் ஆகிவிட்டது. நாமம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில் இருக்கும் உக்கிரம், யானைக்குச் சோறு போடுவதில் இல்லை. இரு கட்சியாரும் தத்தம் தெய்வத்துக்குக் குற்றமே இல்லை என்று சாதிக்கிறார்கள். வாஸ்தவம் என்ன? இன்டெல்லின் பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைப் பிராசஸர்கள், முக்கியமாக மேல்வரிசையில் உள்ளவை, அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நாளடைவில் தேய்ந்து, காரணமின்றிக் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுகின்றன என்ற புகார் எங்கும் கிளம்பிற்று. 2024 ஜூலையில் கம்பெனியே தவறை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாத காலத்தையும் மூன்றிலிருந்து ஐந்து வருஷமாக நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தம் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தால்தான் வந்து சேரும். ஏற்கெனவே தேய்ந்ததை அது மீட்டுத் தராது. இப்பிராசஸர்களை இரண்டாங் கையாக வாங்குவோர் இவ்விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். ஏ.எம்.டி. பக்தர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை. 2023 ஏப்ரலில் அவர்களுடைய 7800எக்ஸ்3டி பிராசஸர்களிற் சில சாக்கெட்டோடு கருகிப் போயின. மதர்போர்டுகள் கொடுத்த அழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டிய பிறகே அச்சம் தணிந்தது. இன்னொரு வேடிக்கை: 2019 முதல் ஏ.எம்.டி. தன் முக்கியச் சில்லுகளைத் தைவானில் டி.எஸ்.எம்.ஸி. சாலையில் செய்விக்கிறது, 2024 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200 வரிசையில் கணக்கிடும் பகுதியும் அதே சாலையில் பிறந்ததுதான். இரண்டு கோயிலுக்கும் சிலை வடித்த ஸ்தபதி ஒருவரே!

சுதேசிப் பிராசஸர் வாங்கலாகாதா என்று கேட்கும் தேசாபிமானிகளுக்கும் ஒரு வார்த்தை. சென்னை ஐ.ஐ.டி.யில் வகுத்த 'சக்தி' 2018-ல் சில்லாக வெளிவந்தது நமக்கு மிகுந்த பெருமை தருகிறது. ஆனால் இன்று மேஜைக் கம்ப்யூட்டருக்குக் கடையில் கேட்டு வாங்கும் நிலைக்கு அது வரவில்லை. அதற்கான நாளை எதிர்நோக்கியிருப்போம். அதுவரையில் அந்நியச் சரக்கையாவது ஏமாறாமல் வாங்கக் கற்போம்.

பக்தியை விட்டுவிட்டுப் பார்த்தால், இரு கம்பெனிகளுக்கும் இடையே நடுத்தரக் குடும்பத்தார் கவனிக்கத்தக்க வித்தியாசம் ஒன்று உண்டு. அது சாக்கெட். நம்மில் பலர் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. இந்த வருஷ போனஸில் பிராசஸரும் போர்டும். அடுத்த தீபாவளிக்குக் கார்டு. இரண்டு வருஷம் கழித்து இன்னும் நல்ல பிராசஸர். இப்படிப் படிப்படியாக ஏறுவதற்கு மதர்போர்டு இடங்கொடுக்க வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் முதல் ரைஸன் 2017-ல் அமர்ந்தது. அந்த வருஷம் வாங்கிய பி350 போர்டுகளிற் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022-ஆம் வருஷத்து 5800எக்ஸ்3டியை வைக்க முடிந்தது. இன்டெல்லோ 2020-ல் எல்.ஜி.ஏ. 1200, 2021-ல் 1700, 2024-ல் 1851 என்று சாக்கெட்டை மாற்றிக்கொண்டே போயிற்று. பிராசஸரை மாற்ற விரும்பியவன் போர்டையும் தூக்கி எறிய நேர்ந்தது. 2022-ல் வந்த ஏ.எம்.5-க்கும் நீண்ட ஆயுள் தருவதாக ஏ.எம்.டி. வாக்களித்திருக்கிறது. ஆனால் அது டி.டி.ஆர்.5 ரேமைத் தவிர வேறொன்றையும் ஏற்பதில்லை. கையில் பழைய டி.டி.ஆர்.4 ரேம் வைத்திருப்பவர்களுக்கு ஏ.எம்.4 போர்டோ, டி.டி.ஆர்.4 ஏற்கும் எல்.ஜி.ஏ. 1700 போர்டோதான் வழி. எது மேல் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல நாம் தயாரில்லை. வீட்டில் இருக்கும் பாகங்களையும் இன்னும் மூன்று வருஷத்து வரவையும் எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது.

பழைய சரக்கை விற்பதே பாபம் என்று நாம் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். ஏழை வீட்டுக்குப் பழைய யந்திரம் வரப்பிரசாதமாகலாம். ஆபீசுகள் கழித்துவிட்ட எட்டாம், ஒன்பதாந் தலைமுறைக் கம்ப்யூட்டர்களைச் சுத்தப்படுத்தி, பழையது என்று சொல்லியே நியாயமான விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் செய்வது உபகாரம். அந்த 2600-கூட லினக்ஸ் ஏற்றிக்கொடுத்தால் கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் இன்னும் சில காலம் உதவும். அதன் வயதைச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டோம். பதினைந்து வயதுக் குதிரைக்குப் புதுச் சேணம் போட்டுச் சந்தையில் நிறுத்திவிட்டு, சாதிக் குதிரை என்று மட்டும் கூவுவதையே ஆட்சேபிக்கிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டியது வாங்குகிறவன் பொறுப்பு என்று வியாபாரிகளிற் சிலர் சமாதானம் சொல்லக் கூடும். மாட்டுச் சந்தையில் அந்த நியாயம் செல்லும். இங்கே பல் பெட்டிக்குள், கூலருக்கு அடியில், பசை பூசி மூடிக் கிடக்கிறது.

ஆகவே, வாங்குவோர் கடையிலேயே யந்திரத்தை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். பிராசஸரின் முழுப் பெயர் அதில் இருக்கும். அதைக் கைப்பேசியில் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் தேடினால் எந்த வருஷத்துச் சரக்கு என்பது அரை நிமிஷத்தில் தெரியும். தனிப் பிராசஸராக வாங்கினால், முத்திரை உடையாத பெட்டியில் வந்ததா, பெட்டியின்றித் தட்டில் வந்ததா என்று கேட்க வேண்டும். பெட்டிச் சரக்குக்குப் பொதுவாகக் கம்பெனியே மூன்று வருஷ உத்தரவாதம் தருகிறது. தட்டுச் சரக்குக்கு, விற்ற கடைக்காரர் தருவதே உத்தரவாதம், கூலரும் வராது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கி விலை கேட்க வசதியுண்டு. வெளியூரில் ஒரே கடை இருக்கும் இடங்களில் இந்தக் கேள்விகள் இன்னும் அவசியம்.

வியாபாரிகளுக்கும் நாம் விடுக்கும் கோரிக்கை ஒன்றே. பில்லில் 'ஐ-7' என்று மட்டும் எழுதாதீர்கள். முழு எண்ணையும், அது வெளிவந்த வருஷத்தையும், புதியதா பழையதா என்பதையும், உத்தரவாதம் கம்பெனியுடையதா கடையுடையதா என்பதையும் எழுதிக் கொடுங்கள். இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. மையும் அதிகம் செலவாகாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரக்கின் தரத்தையும் தன்மையையும் அறிந்துகொள்ளும் உரிமையை வாங்குகிறவனுக்கு அளித்திருக்கிறது. ராஜ்ய சர்க்கார் இந்த ஒரு வரியைக் கம்ப்யூட்டர் பில்களில் கட்டாயமாக்குவதற்குத் தடையேதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கல்லூரிகளும், மாணவருக்கு இன்ன கம்ப்யூட்டர் வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்போது 'ஐ-5 அல்லது அதற்கு மேல்' என்று எழுதுவதை நிறுத்தி, எந்தத் தலைமுறைக்கு மேல் என்று எழுதினால் பெரும்பாதி மோசடி அங்கேயே அடைபட்டுவிடும்.

நம் ஆசிரியர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினார். அங்கே முதலில் கேட்டது பில். அவர் அதைப் பத்திரமாகவே வைத்திருந்தார். அதில் எழுதியிருந்தது: 'கம்ப்யூட்டர் ஒன்று. ரூ. 18,000.'